பதினோராவது சீட்டு

மார்ச் 3, திங்கள்

குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. இவர் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லவில்லை.

அலுவலகத்தில் பெரியவர் இன்று வாயைத் திறந்தார். மாதக் கடைசியோடு போகிறாராம். இருபத்தெட்டு வருடம் அந்தத் தலைமை ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தவர், போகிற செய்தியை, மின்விசிறி சத்தம் போடுகிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். பிறகு நிர்வாகி வந்து மீதியைச் சொன்னார். ஆங்கில மரபுத்தொடர் அகராதியின் இரண்டாம் பதிப்புக்கு இனி ஒரே ஒரு ஆள் போதும். அவர்தான் தலைமை ஆசிரியர். இன்னொருவர் கீழ்த்தளத்துக்குப் போய்ப் பள்ளிப் பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்க்க வேண்டும்.

பிரிவில் இருப்பதே இரண்டு பேர். நானும் கண்ணாடியும்.

கண்ணாடி என்பது நான் வைத்த பேர். ஒரு கண்ணாடி மூக்கில், ஒன்று தலையில், மூன்றாவதைத் தேடிக்கொண்டே இருப்பாள். அவள் என்னை அடிக்குறிப்பு என்பாள். எதைச் சொன்னாலும் "எந்தப் புத்தகத்துல, எந்தப் பக்கம்?" என்று கேட்கிறேனாம். பத்தொன்பது வருடமாக எதிரெதிர் மேஜை. இரண்டாம் பதிப்புக்கு நான் ஆங்கில எழுத்து வரிசையின் தலையிலிருந்து வருகிறேன், அவள் வாலிலிருந்து வருகிறாள். வருட முடிவில் நடுவில் எங்கோ சந்திப்போம் என்றிருந்தோம்.

நிர்வாகி போனதும் அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள். "மாடியில ஒருத்தி, கீழ ஒருத்தி. மாமியார் வீட்டுல பாகம் பிரிச்ச மாதிரி இருக்கு" என்றாள். சிரித்தோம். இரண்டு பேருமே கொஞ்சம் அதிக நேரம் சிரித்தோம்.

மார்ச் 4, செவ்வாய்

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எழுதினேன். இப்படித்தான் இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

தேர்வு முறை தெரிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே பத்துத் தொடர்கள். தனித்தனியாக எழுத வேண்டும். வெளியூரில் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் மதிப்பெண் போடுவார். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியக்கூடாது. அதனால் தட்டச்சு செய்து, அடையாளம் போடாமல் தர வேண்டும்.

அடையாளம் போடாமல் நான் சீட்டு எழுதியதே இல்லை. இந்த அலுவலகத்தின் வழக்கம் அது. ஒரு தொடருக்கு ஒரு சீட்டு. பொருள், பயன்பாடு, தோற்றம், ஆதாரம் என்று நான்கு கட்டம். வலது மூலையில் எழுதியவரின் குறி. என் குறி ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. பெரியவர் படித்து டிக் போட்டால்தான் அச்சுக்குப் போகும். ஆதாரம் இல்லாத தோற்றத்தை எழுதக்கூடாது. "தெரியவில்லை" என்றுதான் எழுத வேண்டும். ஒரே விதிவிலக்கு, எங்கள் முதல் பதிப்பு. அதில் இருந்தால் "மு.ப." என்று எழுதினால் போதும். நம் வீட்டுப் பண்டத்தை நாமே சந்தேகப்படுவதா என்பார் பெரியவர்.

பத்துத் தொடர்களும் நெருக்கமான போட்டியைப் பற்றியவை. நிர்வாகிக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்று இன்றுதான் தெரிந்தது.

எல்லாம் குதிரைப் பந்தயத்தில்தான் போய் முடிகின்றன. "நெக் அண்ட் நெக்". இரண்டு குதிரைகளின் கழுத்தும் ஒரே கோட்டில் வர, எது முந்தும் என்று தெரியாத ஓட்டம். செய்தித்தாள்காரர்கள் கழுத்துக்குக் கழுத்து என்று போட்டு நம் கழுத்தை அறுக்கிறார்கள். இழுபறி என்று எவ்வளவு நல்ல சொல் இருக்கிறது. நீயா நானா என்றால் குழந்தைக்கும் புரியும். "டவுன் டு த வயர்" என்பது எல்லைக்கோட்டுக்கு மேலே கட்டியிருந்த கம்பியிலிருந்து வந்தது. கடைசிக் கணம் வரை முடிவு தெரியாதது.

"டெட் ஹீட்" எனக்கு ஒரு காலை முழுக்க எடுத்தது. இரண்டு குதிரைகள் ஒரே கணத்தில் எல்லையைத் தொடுவது என்று மட்டும்தான் பலருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ஒரே பந்தயத்தைச் சுற்று சுற்றாக ஓடவிடுவார்கள். ஒரு சுற்றில் இரண்டும் சமமாக வந்துவிட்டால் அந்தச் சுற்று செத்த சுற்று. கணக்கில் வராது. மறுபடி ஓட வேண்டும். இவ்வளவு ஓடியும் ஓடாததற்குச் சமம்! பாவம் குதிரைகள்.

"குதிரை ஓடுது, வேர்க்கிறது நமக்கு" என்றாள் கண்ணாடி, தட்டச்சுத் தாளிலிருந்து நிமிராமல்.

மார்ச் 10, திங்கள்

முடிவு வந்தது. எண்பத்து நான்கு, எண்பத்து நான்கு.

நிர்வாகி கடிதத்தை இரண்டு முறை படித்தார், ஏதோ எங்கள் தவறு என்பதுபோல. ஆகவே பதினோராவது சீட்டு ஒன்று. தொடரைப் பேராசிரியரே தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறார். "நிப் அண்ட் டக்". இதுவும் இழுபறிப் போட்டியைக் குறிப்பதுதான்.

கண்ணாடி அதை வாங்கிப் படித்து, "கிள்ளலும் மடிப்பும். நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். குழாயடியில் நின்றுகொண்டு குடிக்க மறந்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

எழுதித் தீர்க்க வேண்டியதுதான். வேறு யாரிடம் சொல்ல?

இருபத்தொரு வருடங்களுக்கு முன். எனக்கு இருபத்தைந்து வயது, வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம். முதல் பதிப்பில் பதினான்காவது எழுத்து என் பொறுப்பில் இருந்தது. அச்சகம் அவசரப்படுத்தியது. தொடர்ந்து மூன்று சீட்டுகளில் தோற்றக் கட்டத்தில் "தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பெரியவர் மூன்றையும் என் மேஜையில் வைத்து, "தெரியல, தெரியல, தெரியல. இத சொல்றதுக்கு ஒரு அகராதியாம்மா?" என்றார். எல்லாரும் பார்த்தார்கள். நாலாவது சீட்டு இந்த "நிப் அண்ட் டக்".

இந்தத் தொடருக்கும் தோற்றம் கிடைக்கவில்லை. இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது என்பதற்கு மேல் எல்லாமே யூகம். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் திரையின் தையல் கண்ணில் பட்டது. சின்ன வயதில் அம்மாவும் அத்தையும் ஒரு நீளத் திரைச்சீலையின் இரண்டு கோடியிலும் உட்கார்ந்து ஓரம் தைத்துக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தது ஞாபகம் வந்தது. எழுதினேன்.

"இரு தையற்காரர்கள் ஒரே துணியின் இரு கோடியிலிருந்தும், கிள்ளியும் மடித்தும் தைத்துக்கொண்டு வந்து, நடுவை யார் முதலில் எட்டுவது என்று போட்டியிட்ட வழக்கத்திலிருந்து பிறந்தது."

ஆதாரக் கட்டத்தில் "வாய்வழி" என்று எழுதினேன். வட்டம் போட்டேன். புள்ளி வைத்தேன்.

பெரியவர் அதை அறைக்கே கேட்கும்படி வாசித்தார். "பாத்தீங்களா? தேடினா கிடைக்கும்" என்றார்.

சொல்லியிருக்கலாம், அன்றைக்கே. மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு அச்சாகிவிட்டது. அதற்கு இரண்டு வருடம் கழித்து வேலைக்கு வந்த கண்ணாடிக்கு முதல் பதிப்பு என்பது கிழக்கே சூரியன் உதிப்பது போல. யார் எழுதினார்கள் என்று அவள் கேட்டதே இல்லை.

நாலு வருடம் முன்பு மகளின் வினாத்தாளில் வந்தது. ஒரு மதிப்பெண். தையற்காரர்கள் என்று எழுதி வாங்கிவிட்டாள். "உங்க புக்லதாம்மா இருக்கு" என்று பெருமையாகச் சொன்னாள்.

மார்ச் 12, புதன்

சீட்டைக் கொடுத்துவிட்டேன். "தோற்றம்: உறுதியாகத் தெரியவில்லை. தையலோடு தொடர்புபடுத்துவோர் உண்டு, சான்று இல்லை." உண்மை. ஒவ்வொரு சொல்லும் உண்மை.

மதியச் சாப்பாட்டின்போது கண்ணாடி, "ரொம்ப அலைய வேண்டியிருக்கலடி. நம்ம மு.ப.லயே அழகா இருக்கு. ரெண்டு தையக்காரங்க" என்றாள். நான் முட்டையை நான்காக வெட்டினேன். பிறகு எட்டாக.

அவள் அங்கேதான் போய்ப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமையே தெரியும். குழாயடியில் நின்றபோது நான் என்ன யோசித்துக்கொண்டிருந்தேன்? பயந்துகொண்டிருந்தேன் என்று நேற்று எழுதியிருந்தால் நானே நம்பியிருப்பேன். பயம் மட்டும்தானா?

மார்ச் 14, வெள்ளி

பேராசிரியரிடமிருந்து கடிதம். நிர்வாகி எங்கள் இருவரையும் பெரியவர் அறைக்கு அழைத்தார்.

இரண்டு சீட்டும் எல்லாக் கட்டங்களிலும் சமம், தோற்றத்தில் மட்டும் வேறுபாடு என்று எழுதியிருக்கிறார். ஒருவர் தெரியவில்லை என்கிறார். மற்றவர் ஒரு கதையைத் தந்து முதல் பதிப்பை ஆதாரம் காட்டுகிறார். அந்தக் கதையை அவர் வேறெங்கும் படித்ததில்லையாம். முதல் பதிப்புக்கு அது எங்கிருந்து வந்தது? அதன் மூலச் சீட்டைக் காட்டினால், சான்று இருந்தால், கதை எழுதியவருக்கே பதவி. இல்லையென்றால் மற்றவருக்கு. அடுத்த வெள்ளிக்குள்.

கண்ணாடிக்கு முகமெல்லாம் வெளிச்சம். "சீட்டுதானே. கீழ இருக்கு. இவகிட்டதான் சாவி" என்றாள் என்னைக் காட்டி.

ஆமாம். கீழ்த்தளப் பழைய சீட்டு அறையின் சாவி ஆறு வருடமாக என் இழுப்பறையில் இருக்கிறது. அவள் ஒரு பல் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறாளாம், திங்கட்கிழமை வர மாட்டாள். "செவ்வாய் பாத்துக்கலாம். எங்க போயிடும்?" என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

இவர் குழாயைப் பார்க்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. இரண்டு முறை, "என்ன, ஒண்ணும் சாப்பிடல?" என்று கேட்டார். தலைவலி என்றேன்.

சான்று இல்லாத சீட்டு கிடைத்தால் பதவி எனக்கு. ஆனால் மூலையில் வட்டமும் புள்ளியும் இருக்கும். புளுகியவள் யார் என்று தெரிந்தபின் யார் தருவார்கள்? சீட்டே கிடைக்காவிட்டாலும் பதவி எனக்கு. மூலையும் இருக்காது.

இப்படித்தான் யோசிக்கிறேன். எழுத்து கூடக் கோணாமல் எழுதுகிறேன் பார்.

மார்ச் 17, திங்கள்

எடுத்துட்டேன்.

அரை மணி முன்னாடியே போனேன். அறையில் யாரும் இல்லை. பதினான்காம் பெட்டி கீழ்த் தட்டிலேயே இருந்தது, தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. மஞ்சளாகியிருக்கிறது. என் பழைய கையெழுத்து எவ்வளவு உருண்டையாக இருக்கிறது. கீழே பெரியவரின் பச்சை டிக்.

இந்த நோட்டில், இந்தப் பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது. அது இருக்கிற இடத்தில் நோட்டு லேசாகப் புடைத்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறதா?

என்ன செய்றேன் நான்?

மார்ச் 18, செவ்வாய்

அவள் காலையிலேயே தலையில் துணி கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பதினான்காம் பெட்டியை இரண்டு முறை புரட்டினாள். "இடம் மாறி இருக்கும். இந்த ஆபீஸ்ல எதுதான் வச்ச இடத்துல இருக்கு" என்றாள். பதின்மூன்றைப் பார்த்தாள், பதினைந்தைப் பார்த்தாள். பிறகு மேல் தட்டில் பிரிக்காத கட்டுகள் இருக்கின்றன என்று ஏணியை எடுத்தாள்.

அந்த ஏணிக்கு ஒரு கால் குட்டை. ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் ஏற முடியாது.

பிடித்துக்கொண்டேன். இரண்டு மணி நேரம். அவள் ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டினாள். தூசி அவளுக்கு ஆகாது. பதினேழு தும்மல். நான் எண்ணினேன். ஒரு தடவை சறுக்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நீ இருக்கறதால ஏர்றேன்டி. வேற யாரையும் நம்பி இதுல ஏற மாட்டேன்" என்றாள்.

நான் "பாத்து" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மார்ச் 19, புதன்

இன்றும் தேடினாள். இன்றும் பிடித்தேன்.

மார்ச் 20, வியாழன்

காலையில் அம்மாவுக்குப் போன் செய்தேன். தம்பி வீட்டில் இருக்கிறாள். முழங்கால் வலி, மருமகளின் மறதி, அடுத்த வீட்டு நாய் எல்லாம் முடிந்தபின் கேட்டேன். நீயும் அத்தையும் திரை தைப்பீர்களே, யார் முதலில் நடுவுக்கு வருவது என்று போட்டி போடுவீர்களே, யார் ஜெயிப்பீர்கள்?

ஏன் கேட்டேன்? ஒரு துளியாவது அதில் நிஜம் இருக்கட்டும் என்றுதான். உலகத்தில் யாரோ இரண்டு பேர் அப்படிப் போட்டி போட்டிருந்தால் கூட நான் எழுதியது முழுப் பொய்யாகாது என்று ஒரு நப்பாசை.

"போட்டியா? யாருடி சொன்னா?" என்றாள் அம்மா. "உங்க அத்தை இடது கைக்காரி. ஒரே பக்கம் உக்காந்தா முழங்கை முட்டிக்கும். அதான் அவ அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. முன்னாடி முடிச்சவ மத்தவளுக்கும் கொஞ்சம் தச்சுக் குடுப்பா. என்ன போட்டி? உனக்குத்தான் பொறந்ததுலேருந்து எல்லாத்துலயும் போட்டி."

அம்மா போனை வைத்த பிறகும் நான் காதருகே பிடித்துக்கொண்டிருந்தேன் போல. மகள், "அம்மா, கட் ஆயிடுச்சு" என்றாள்.

நோட்டிலிருந்து சீட்டை எடுத்துப் பையில் வைத்தேன்.

—

அதே நாள், மாலை

சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், நாளைக்கு எனக்கு வசதியாக மாறிவிடுவதற்குள்.

அவள் மறுபடி தலையில் துணி கட்டிக்கொண்டிருந்தாள். நான் சீட்டை அவள் மேஜைமேல் வைத்தேன். கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தாள். தோற்றத்தைப் படித்தாள், ஆதாரத்தைப் படித்தாள். பிறகு மூலையில் விரலை வைத்து, "வட்டம் புள்ளி" என்றாள். அதற்குமேல் அவள் கண் என்னைப் பார்க்கவில்லை, சீட்டையே பார்த்தது.

கதை என் கற்பனை என்றேன். ஆதாரம் கிடையாது என்றேன்.

"எங்க இருந்துச்சு?"

"என் நோட்டுல."

"எப்பலேருந்து?"

"திங்கக்கிழமை."

தலைத்துணியை அவிழ்த்தாள். மடித்தாள். இன்னும் சின்னதாக மடித்தாள்.

"அப்ப செவ்வாய்க்கிழமை ஏணிய புடிச்சுக்கிட்டு நின்னப்ப, இது உன்கிட்ட இருந்துச்சு."

"ம்."

"நேத்தும்."

"ம்."

"கதை கட்டினப்ப உனக்கு இருபத்தஞ்சு வயசு. சின்னப் பொண்ணு, பயத்துல ஏதோ எழுதிட்ட. அத விடு. செவ்வாய்க்கிழமை உனக்கு நாப்பத்தாறு வயசு."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை தனியாகச் சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்றால், திறந்து மூடினேன்.

மார்ச் 21, வெள்ளி

பெரியவரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நிர்வாகியும் இருந்தார். நிர்வாகிக்குப் புரியவில்லை. ஒரு தொடருக்கா இவ்வளவு கலாட்டா என்றார். எத்தனையோ புத்தகத்தில் எத்தனையோ தப்பு.

பெரியவர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் என் வட்டத்தைப் பார்க்கவில்லை. பச்சை டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாய்வழின்னு எழுதியிருக்க. யாரோட வாய்னு நான் கேக்கல. சத்தமா வேற படிச்சேன்" என்றார்.

பிறகு கேட்டார், "இது ஒண்ணுதானா?"

ஒன்றுதான் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. யோசித்தேன். அந்த வருடம் அச்சக அவசரத்தில் எத்தனை சீட்டு எழுதினேன்? எத்தனையில் வாய்வழி?

தெரியவில்லை என்றேன்.

மார்ச் 22, சனி

இவரிடமும் மகளிடமும் சொன்னேன். இவர் எழுந்து போய்க் குழாயைப் பார்த்தார். ஆறுதல் சொல்லத் தெரியாதபோது இவர் எதையாவது திருகுவார். குழாய் இப்போது இன்னும் வேகமாக ஒழுகுகிறது.

மகள், "அப்ப அந்த ஒரு மார்க்க நான் திருப்பிக் குடுக்கணுமா?" என்றாள். சிரிக்க வைக்கத்தான் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோய்த் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

மார்ச் 26, புதன்

நடந்ததை நிர்வாகி பேராசிரியருக்கு எழுதியிருக்கிறார். பதிலுக்குக் காத்திருக்கிறேன். எதிர் மேஜையிலிருந்து, "அந்த ஏழாவது தொகுதிய இப்படித் தள்ளுங்க" என்று குரல் வந்தது. தள்ளுங்க.

மார்ச் 28, வெள்ளி

பேராசிரியரின் கடிதம். சின்னக் கடிதம்தான்.

முதல் பதிப்பை நம்பியவர் நடைமுறைப்படி தவறவில்லை, ஆனால் அவர் தந்த தோற்றம் பொய். "தெரியவில்லை" என்றவர் தந்தது சரி. ஆனால், அச்சிலிருப்பது பொய் என்று தெரிந்தும் அதைச் சீட்டில் அவர் குறிக்கவில்லை. தெரிந்த பிழையை மறைத்த சீட்டு பாதிச் சீட்டு. எனவே பதினோராவது இருவருக்குமே செல்லாது. பன்னிரண்டாவது தொடரைத் திங்கட்கிழமை அனுப்புகிறேன்.

செத்த சுற்று. மறுபடி ஓட வேண்டும்.

நிர்வாகி சலித்துக்கொண்டார். எனக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்று வெளியே வரும்போது தனியாகச் சொன்னார். மனிதர் நல்லவர்தான்.

மேஜைக்கு வந்தேன். பன்னிரண்டாவது தொடர் என்னவாக இருக்கும் என்று மனம் தானாகவே யோசிக்கத் தொடங்கியது. எந்தெந்தப் புத்தகம் பார்க்க வேண்டும், எதை அவள் பார்க்க மாட்டாள் என்றுகூட. இந்தக் குதிரை சாகும்வரை ஓடும் போலிருக்கிறது. தாளை எடுத்து, போட்டியிலிருந்து விலகுகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழக்கதோஷத்தில் மூலையில் வட்டமும் போட்டுவிட்டேன். புள்ளி வைப்பதற்குமுன் கவனித்தேன். பரவாயில்லை என்று வைத்தேன்.

மார்ச் 31, திங்கள்

பெரியவருக்கு விடை கொடுத்தோம். பச்சைப் பேனாவைக் கண்ணாடியிடம் கொடுத்தார். அவள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

ஏப்ரல் 2, புதன்

கீழ்த்தளம். ஜன்னல் சாலையைப் பார்க்கிறது. நான்காம் வகுப்பு அறிவியல். தவளையின் வாழ்க்கைச் சுழற்சி. படத்தில் தலைப்பிரட்டைக்கு வால் இல்லை. குறித்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

மாடிப்படியில் எதிரெதிரே வந்துவிட்டோம். ஒதுங்கினேன், அதே பக்கம் அவளும் ஒதுங்கினாள். இரண்டு முறை. "போங்க" என்றாள்.

மே 6, செவ்வாய்

குழாய் சரியாகிவிட்டது. வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டோம். கால் மணி நேரம் ஆனது. இவர் இரண்டு நாளாக அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்று மணி வாக்கில் கண்ணாடி கீழே வந்தாள். நான் ஏழாம் வகுப்பு வரலாற்றில் இருந்தேன். என் மேஜைமேல் ஒரு பட்டியலை வைத்தாள். முதல் பதிப்பில் ஆதாரம் சரியாக இல்லாத தொடர்கள், எழுத்து வாரியாக. இருநூற்றுப் பதினொன்று. இரண்டாம் பதிப்பில் இனி "மு.ப." ஆதாரம் ஆகாது என்று அவள் உத்தரவு போட்டிருப்பது எனக்கு முன்பே தெரியும். மூலச் சீட்டு ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

"உங்க மேலாளர்கிட்ட பேசிட்டேன். தினம் மூணுலேருந்து நாலு, பழைய சீட்டு அறையில" என்றாள். "எது நெஜம், எது கதைன்னு எழுதினவங்களுக்குத்தான் தெரியும்."

எல்லாம் என்னுடையதாக இருக்காது என்று சொல்ல நினைத்தேன். பட்டியலை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன்.

சாவி இப்போது அவளிடம் இருக்கிறது. திறந்தாள். பிரிக்காத கட்டுகள் அன்று அவள் கட்டிவைத்தபடியே மேல் தட்டில் இருந்தன. ஏணியைச் சுவரில் சாய்த்தாள். குட்டைக் கால் தரையில் ஒருமுறை தட்டியது. நான் வழக்கம்போல அதைப் பிடித்துக்கொள்ளப் போனேன்.

என் கையை விலக்கினாள். இரண்டு கையாலும் அவளே ஏணியைப் பிடித்துக்கொண்டு, தலையை மேல் தட்டுப் பக்கம் அசைத்தாள்.

"நீ ஏறு" என்றாள்.

ஏறினேன். நான்காவது படியில் ஏணி ஒரு பக்கம் சாய்ந்தது, உடனே நேரானது. முதல் கட்டை அவிழ்த்தேன். தூசி கொட்டியது. கீழே அவள் தும்மினாள். பிடியை விடவில்லை.